நான்காவது மாத்திரை

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னைத் தெரியாதவன் இருந்தால் அவன் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனாக இருப்பான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரோலிங் மில்லில் தோளில் இரும்பு சுமந்து லாரி இறக்கினேன். இன்று எனக்கென்று மூன்று கிரேன் ஓடுகிறது. எந்தப் பாரம் எழும்பவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு டன் சங்கிலி தாங்கவில்லையா, இரண்டு டன் சங்கிலியைப் போடு. என் படிப்பு அவ்வளவுதான். அந்தப் படிப்பை என் மனைவியிடமும் காட்டினேன்.

ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவள் விழுந்தாள், தலையில் அடிபட்டது. ஆறு மாதம் கழித்து முதல் வலிப்பு வந்தது. சென்னையில் நரம்பு டாக்டரம்மா ஃபெனிடோயின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று. நானே எடுத்து அவள் கையில் வைப்பேன்.

ஆயுத பூஜையன்று என் ஷெட்டில், ஆட்கள் அத்தனை பேர் முன்னால், அவள் மறுபடி வலிப்பு வந்து விழுந்தாள். ஓடிவந்தவர்கள் கையில் கிடைத்த இரும்பையெல்லாம் அவள் கையில் திணித்தார்கள். ஒருவன் ஸ்பேனர், ஒருவன் போல்ட், நான் என் சாவிக்கொத்து. சுற்றிலும் டன் கணக்கில் இரும்பு. எதற்கும் வலிப்பு அடங்கவில்லை. அதுவாக வந்தது, அதுவாக நின்றது.

மூன்று தாங்கவில்லை, நான்காகப் போட்டால் தாங்கும் என்று எனக்குப் பட்டது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் கூடுதலாக ஓர் அட்டை வாங்கினேன்.

"இன்னாய்யா, நாலு கீது?"

"டாக்டரம்மா போன்ல சொன்னாங்கம்மே. முழுங்கு."

முழுங்கினாள்.

பத்து நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாக்கு குழறியது. ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னால் கண்மணி நிற்காமல் துடித்தது. பக்கத்து வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாக்கா, காலைலயே ஏத்திகினியா?"

"ஆமா, உங்க ஊட்டுக்காரரு வாங்கியாந்தாரு," என்றாள் இவள் குழறியபடி. இருவரும் சிரித்தார்கள். வியாதிதான் முற்றுகிறது என்று நினைத்து, அன்றும் நான்கு கொடுத்தேன். மறுநாள் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

"தினம் எத்தனை மாத்திரை சாப்புடுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாலும்மா. நீங்கதான் போன்ல சொன்னீங்களாமே," என்றாள் இவள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். எத்தனையோ முதலாளிகளை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவன் நான். அன்று தரையைப் பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. "இந்த மருந்தை உடைச்சு வெளிய அனுப்புறது கல்லீரல். அதுக்கு ஒரு வேகம் உண்டுங்க ஐயா. அந்த எல்லைக்கு வந்துட்டா, அப்புறம் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்துல மளமளன்னு ஏறிடும். மூணு நாலாச்சுன்னா அந்த ஒரு பங்கோட நிக்காது."

எனக்கு உடனே புரிந்தது. ஒரு நாளைக்கு மூன்று லாரி இறக்குகிற கூட்டத்திடம் நான்கு லாரி அனுப்பினால் முதல் நாள் கேட்டில் ஒரு லாரி நிற்கும், மறுநாள் இரண்டு. பத்தாம் நாள் ஹைவே வரைக்கும் வரிசை. அந்தக் கூட்டத்தில் நின்று தோள் தேய்ந்தவன் நான். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"மிஷின் வெச்சு ரத்தத்தை சுத்தம் பண்ணிடலாமாம்மா? எந்த ஆஸ்பத்திரின்னாலும் கூட்டினு போறேன்."

"இந்த மருந்து அதுக்கு அடங்காது. ரத்தத்துல இருக்கற புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். மாத்திரையை நிறுத்தி வெச்சு, அளவு பார்த்துக்கிட்டே இருப்போம். ரொம்ப இறங்கினா வலிப்பு வரலாம். உட்காருங்க."

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. உட்காருங்க."

அவள் கட்டில் பக்கத்தில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் ஆறு நாள் சும்மா உட்கார்ந்தது அதுதான். கண்ணின் துடிப்பு அடங்கியது, மெல்ல நடந்தாள். மறுபடி அதே மூன்று மாத்திரையில் ஆரம்பித்து, கூடவே வேறொரு மருந்தும் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவுக்குப் பூட்டு போட்டு, சாவியைத் தன் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

போன வாரம் சமையலறையில் மறுபடி வலிப்பு வந்தது. டாக்டரம்மா சொன்னபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதுவரை கடிகாரத்தைப் பார். வாய்க்குள் எதுவும் வைக்காதே, கையில் எதுவும் திணிக்காதே. பழக்கத்தில் என் கை பையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடித்துவிட்டது. பிடித்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை நிமிடம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். கை முதலில் தாலிச் சாவியைத் தேடியது.

"மாத்திரைல கை வெச்சியா?"

"இல்லம்மே," என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை.