ஊர் திரும்பிய பிறகு நாலு வாரம்

மருந்துக்கடைக்காரனை ஜனங்கள் பாதி டாக்டர் என்று நினைக்கிறார்கள். மீதிப் பாதி என்னவென்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போன சக மருந்துக்கடைக்காரர்களே, ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் நான் கடை போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி வருகிற டூரிஸ்ட்டுகளுக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதுதான் முக்கியப் பிழைப்பு. இப்போது வெளிநாடு போகிறவர்களும் வருகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

பத்து நாள்

பழனிச்சாமி பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலைக்காரர். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் மெஷினுக்கு மேஸ்திரி. உகாண்டாவில் ஒரு காப்பித் தோட்டத்து ஆட்களுக்கு அந்த வேலையைப் பழக்கிவிட நாலு மாசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வாரம் விமானம் என்று வந்து நின்றவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒண்ணு போட்டு உடுங்க" என்றார்.

அதை நான் போட முடியாது, சென்னையில் அரசாங்க மையத்தில்தான் போடுவார்கள், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்றேன். மறுநாளே சென்னைக்கு ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கடைக்கு வந்து அந்தச் சான்றிதழை என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, மருந்து ஒடம்புக்குள்ள போயிருச்சு. காயிதத்துக்கு எதுக்குங்க பத்து நாளு?"

போர்வை போதும்

சேலத்து டாக்டர் மலேரியா வராமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். புறப்படுவதற்கு முன்பே ஆரம்பித்து, அங்கே இருக்கும்வரை தினம் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் நாலு வாரம். கவரின் மேல் நானே எழுதிக் கொடுத்து, வாயாலும் ஒரு தடவை சொன்னேன்.

கடைசி நாலு வாரம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. கடித்த கொசு உகாண்டாவிலேயே நின்றுவிடும், ஆனால் அது ஏற்றிய கிருமி ஈரலில் பதுங்கியிருந்து பிறகுதான் ரத்தத்துக்குள் இறங்கும், இதற்காகத்தான் அந்த நாலு வாரம் என்று நான் விளக்கியிருக்க வேண்டும். ஒரு வேன் நிறைய டூரிஸ்ட்டுகள் வாந்தி மாத்திரைக்கு நின்றிருந்தார்கள். "மறக்காமச் சாப்பிடுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மலையில் பிறந்த மனிதர். மலேரியா மலைக்குக் கீழே சமவெளிக்காரர்களுக்கு வருகிற வியாதி என்றே கேட்டு வளர்ந்தவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க கொசு கடிக்கும், செரிங்க. நம்மூருக்கு வந்துட்டா போர்வை போதுமுங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குளிர்

நாலு மாசம் கழித்து ஆள் நல்லபடியாகத் திரும்பி வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்துக் கையசைத்தேன். அப்புறம் பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது, அவர் மனைவி சரசு கடைக்கு வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டார். விடாத மழை. அந்த வாரம் ஏற்காட்டில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது அதைத்தான். எடுத்துக் கொடுத்தேன்.

ரெண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். மூன்று போர்வை போர்த்தியும் உடம்பு தூக்கிப் போடுகிறதாம். காய்ச்சலில் கிடப்பது யார் என்று எனக்குத் தெரியும். அவர் எங்கே போய்விட்டு வந்தார் என்பதும் தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் மண்டைக்குள் ஒன்றும் இல்லை. இன்னொரு அட்டை மாத்திரையைக் கிழித்து நீட்டினேன். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல அந்தம்மாவே சொன்னார்: "மழையில நொம்ப நனஞ்சுட்டாருங்க, வேறொண்ணுமில்ல."

டாக்டர் கேட்ட கேள்வி

நினைவு தப்பிய பிறகுதான் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டாராம்: "சமீபத்துல எங்கயாச்சும் வெளியில போயிட்டு வந்தாரா?" அஞ்சு நாளாய்ப் படுக்கையில் கிடக்கிற மனிதரைப் பற்றிக் கேட்டால் ஒரு பெண்சாதி என்ன சொல்வார்? உகாண்டா அவர் நினைப்பிலேயே இல்லை. ரத்தத்தில் மலேரியா இருப்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. அதற்கடுத்த நாள் பழனிச்சாமியும் போய்விட்டார். டாக்டரிடம் தான் சொன்ன பதிலை, துக்கம் கேட்கப் போன என்னிடம் சரசு அப்படியே திருப்பிச் சொன்னார்: "எங்கயும் போகலீங்க, ஊட்டுலயேதான் இருந்தாரு."

இருபத்தெட்டு

ரெண்டு மாசம் கழித்துச் சரசு தன் தம்பியோடு கடைக்கு வந்தார். அதே தோட்டம், அதே வேலை. இப்போது தம்பி போகிறானாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் ரெண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அந்தச் சம்பளத்தை வேண்டாமென்று சொல்ல நான் யார்?

பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஊர் திரும்பிய பிறகு சாப்பிட வேண்டிய இருபத்தெட்டும் அப்படியே இருந்தன. அடுத்தது மச்சான் போவான், அவனுக்கு ஆகும் என்று பழனிச்சாமி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாராம். "இவனுக்கு ஆவுமுங்களா?" என்று சரசு கேட்டார். காலாவதித் தேதியைப் பார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டேன். தேதி இன்னும் இருந்தது.

பிறகு தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு, நாலு வாரக் கணக்கை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். சரசு கை நீட்டி மறித்தார். குரல் உயரவில்லை. "அவங்கிட்டச் சொல்லாதீங்க, எங்கிட்டச் சொல்லுங்க. அவனுக்குக் காய்ச்சல்னா இங்க மாத்தரைக்கு வரப்போறது நாந்தானுங்க."

இப்போதெல்லாம் காய்ச்சல் மாத்திரை கேட்டு யார் வந்தாலும் "படுத்திருக்கிறவர் எந்த ஊர் போய் வந்தார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையைத் தொடுகிறேன், பக்கத்து மாரமங்கலத்தில் விருந்து சாப்பிட்டு வந்தவர்கள்கூட என்னை முறைக்கிறார்கள், நன்றாக முறைக்கட்டும்.