ரசீதில் இருந்த ‘சு’

மூன்று வருஷக் கெடு முந்தைய நாளே முடிந்துவிட்டது என்பது திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கெடுவைக் கணக்கிட்டவளும் நான்தான்.

மைசூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து எனக்கு அப்போது மூன்று மாதம். அக்ரஹாரத்து வீட்டில் கைக்குழந்தை. பன்னிரண்டு மணிக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். டைப்பிங் கற்று ஆபீசுக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

கட்சிக்காரர் மாரப்பன், கொள்ளேகாலில் வாடகைக் கார் ஓட்டியவர். மைசூர் ஒர்க்ஷாப் ஒன்றில் பிரேக்கை ரிப்பேர் செய்துகொண்டு வண்டியை எடுத்துப் போனார். மறுநாளே இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வலது முழங்கால் நொறுங்கியது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, வண்டியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. ஒர்க்ஷாப் ரசீதில் கன்னடத்தில் ‘கார்த்திக சு 5’ என்று இருந்தது. கார்த்திகை ஐந்து என்று எடுத்துக்கொண்டு, வழக்குக் கட்டின் மேல் ‘நவம்பர் 20’ என்று எழுதினேன். ‘சு’வைப் பேனாக் கிறுக்கல் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் இருக்கிறதே என்று எல்லோரும் நிதானமாக இருந்தோம்.

அன்று மாரப்பன் வக்காலத்தில் கையெழுத்துப் போட வந்தார். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்த ஒர்க்ஷாப்காரன் பணம் தர்றேன், ‘நாளெ பா, நாளெ பா’, நாளைக்கு வான்னே தள்ளிட்டானுங்க அம்மிணி. அவன் சொல்ற நாளை எந்தப் பஞ்சாங்கத்துலயும் இல்லீங்க. தீவாளி முடிஞ்சு அஞ்சா நாளு, புது வேட்டியோட வண்டிய எடுத்தனுங்க.”

ரசீதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நமக்குத் தீபாவளி ஐப்பசியில். கன்னடக்காரர்களுக்கோ தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கார்த்திகம் பிறந்துவிடும். ‘சு 5’ என்றால் சுத்த பஞ்சமி, வளர்பிறை ஐந்தாம் நாள். அலமாரியிலிருந்து ரசீது போட்ட வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். நவம்பர் ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். இன்று ஏழு.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் வழக்கு போகும். ரசீதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மாரப்பனும் கோலை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“தப்பு பண்ணிட்டேன் சார்.”

வக்கீல் ரசீதைப் பார்த்தார். “நோடம்மா, இங்க பாரு, இந்த ‘சு’ கண்ணுல படலையா?”

“பட்டுது சார். கிறுக்கல்னு நெனச்சேன்.”

“அப்ப எங்காலுக்கு நேத்தோட கெடு முடிஞ்சுதுங்களா?” என்றார் மாரப்பன்.

வக்கீல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். “நேத்து என்ன கிழமை?”

“ஞாயிறு சார்.”

“கடைசி நாள் கோர்ட் மூடியிருந்தா, திறக்கிற அன்னைக்குப் போடலாம். அது இன்னைக்கு. நாளைக்குப் போனா ஒண்ணும் இல்ல. உட்காரு, அடி.”

பிராதை அடிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு அடித்தது. ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். கார்பனைத் திருப்பி வைத்துவிட்டதால் ஒரு பக்கத்தை மறுபடி அடித்தேன். மூன்றரைக்கு மாரப்பன் கையெழுத்திட்டார். குமாஸ்தா சைக்கிளில் முன்சீப் கோர்ட்டுக்குப் பறந்தார். நாலே காலுக்கு, ஏழாம் தேதி முத்திரையோடு பிராதின் நகல் வந்தது.

எதிராளி வாயால் தரும் வாக்கு கெடுவை ஒரு நாளும் நீட்டாது. ரசீதில் மாதத்தின் பெயர் இருந்தால், யாருடைய மாதம் என்று கேளுங்கள். புரியாத எழுத்தைக் கிறுக்கல் என்று தள்ளாதீர்கள்.

வீட்டுக்குப் போனபோது குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியிருந்தான். அவன் பிறந்த நாளைத் தமிழ் மாதத்தில் குறித்திருந்த நோட்டை எடுத்து, பக்கத்தில் இங்கிலீஷ் தேதியை எழுதினேன். சரிதானா என்று இரண்டு தடவை பார்த்தேன்.