அத்தானின் கெட்டித் தேநீர்

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதுவும் தோட்டத்துத் தமிழரிடையே, அத்தியாயம் அத்தியாயமாக. அந்தத் தடித்த நூல் இப்போது என் அலுவலகக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்து நிற்கிறது. அதை எழுதிய நான்தான், என் சொந்த அக்காவை அவள் கணவர் கூப்பிடுவதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்து, அது நோயின் அறிகுறி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன்.

கையெழுத்துப் போடுவது என் தொழில். பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் ஆய்வுக்கான பல்துறை மையம் ஒன்றுக்கு நான் இயக்குநர். மையத்தின் பெயர் நீளம். பலகையைக் கதவில் மாட்டியபோது கடைசிச் சொல்லுக்கு இடமில்லாமல் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. மொழியியல்காரர்கள் நிறுத்திய ஆளைக் கணினிக்காரர்கள் ஏற்கவில்லை, கணினிக்காரர்கள் சொன்ன ஆளை மருத்துவத்துறை ஏற்கவில்லை. யாரும் எதிர்க்குமளவுக்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை என்பதால் என்னைப் போட்டார்கள். மூன்று துறைகளுக்கும் கார் நிறுத்தும் இடத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் என் முதன்மையான அறிவுப் பணி.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்தபோது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அதுவரை காலமெல்லாம் கேமரன் மலையில் ஒரே தோட்டத்து லோரி ஓட்டியவர். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கை கால் ஓரளவு திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. மிஞ்சியவை இரண்டு சொற்கள்: 'ஆமாலா', 'இல்லலா'. அவையும் அவ்வப்போது இடம் மாறிக்கொள்ளும். பிறர் சொல்வதெல்லாம் புரியும், சிரிப்பு வரும், கோபம் வரும், பெயர்கள் வராது.

அக்கா மேட்டிலிருக்கும் தோட்டத்து டீக்கடையில் வேலை செய்கிறாள். சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் கொடுக்கும் கண்ணாடிக் கூடம். வீடு கீழே, தோட்டத் தொழிலாளர் லயத்தில். நடுவே பாசி பிடித்த படிகள்.

கோலாலம்பூரிலிருந்து வந்த அக்கா மகள் தன் முடிவைச் சொன்னாள். "அம்மா மேல கடையில இருக்கு, அப்பா கீழ தனியா இருக்காரு. விழுந்தா எப்படிக் கூப்பிடுவாரு, மாமா? ஸ்கூல் லீவுக்குள்ள அப்பாவால அம்மாவைக் கூப்பிட முடிஞ்சா சரி. இல்லாட்டி ரெண்டு பேரையும் என் ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன் லா."

பதினெட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். அத்தான் 'ஆமாலா' என்றார். அது எந்த ஆமாலா என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"கவலைப்படாதம்மா, எங்க சென்டர் எதுக்கு இருக்கு?" என்றேன். அந்தக் கேள்வியைப் பல்கலைக்கழக நிதிக்குழுவும் அடிக்கடி கேட்கும்.

மையத்தின் வேனில் மூவரை ஏற்றிக்கொண்டு மலையேறினேன். பேச்சு சிகிச்சையாளர், ஈப்போவில் வளர்ந்த சீனப் பெண். 'சாப்டாச்சா' வரைக்கும் தமிழ் உண்டு. மொழியியலாளர், என் பழைய மாணவர், என்னைத் திருத்துவதில் விருப்பம் உள்ளவர். கணினிப் பொறியாளர், அதிகம் பேசாத மலாய் இளைஞர். ஒரு டேப்லெட்டில் படங்களை ஏற்றினோம். தண்ணீர், சோறு, கழிப்பறை, வலி. கடைசியில் அக்காவின் சிரித்த படம். அதைத் தொட்டால் அக்காவின் பெயரை ஒரு குரல் சொல்லும். குரல் மொழியியலாளருடையது.

அத்தான் எல்லாப் படத்தையும் தொட்டார். அக்கா படத்தை மட்டும் தொடவில்லை. "இவங்க யாரு?" என்று கேட்டால் கூரையைப் பார்த்தார். பெயரிடும் சோதனையில் அந்த வரிக்குப் பூஜ்யம். ஒருமுறை அக்காவே பொறுமையிழந்து தன் படத்தைத் தொட்டாள். கம்பீரமான இளைஞன் குரலொன்று அவள் பெயரைச் சொல்லி அழைத்தது. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஐயே, யாருடா இவன்?" என்றாள். அத்தானுக்கு வெகுநாளைக்குப் பிறகு கோபம் வந்தது.

அக்காவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "அத்தான் உன்னை எப்படித்தான் கூப்பிடுவாரு?"

"அவரு எங்கடா கூப்பிட்டாரு? கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒருதரம் கூப்பிட்டதில்ல. கல்லுளிமங்கன்."

இதற்கிடையில் சிகிச்சையாளர் வேறொன்றைக் கவனித்திருந்தார். அத்தான் அடிக்கடி தொண்டையைச் செருமினார், அதுவும் பெரும்பாலும் தேநீர் நேரத்தில். குடிப்பது மூச்சுக்குழாயில் இறங்குகிறதோ என்ற அவருடைய அச்சம் நியாயமானது. ஈப்போவில் எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் சோதனைக்கு முறை வரும்வரை, எதைக் குடித்தாலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார். ஆயுளெல்லாம் தேயிலை சுமந்த மனிதருக்குத் தேநீரைக் கரண்டியால் எடுத்து ஊட்ட வேண்டியதாயிற்று.

"டீயா இது? இத வச்சு தேர்தல் போஸ்டரு ஒட்டலாம்," என்றாள் அக்கா. அத்தான் ஒரு கரண்டி விழுங்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், 'உனக்கு என்னடா கெடுதல் செய்தேன்' என்பது முழு வாக்கியமாக இருந்தது.

வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியொன்றை வைத்துவிட்டு இறங்கினோம். பதிவுகள் வாராவாரம் வந்தன. அந்தச் செருமலைச் சிகிச்சையாளர் அறிகுறி என்று குறித்தார். மொழியியலாளர் 'இடைநிறுத்தம்' என்று எழுதினார். பொறியாளர் இரைச்சல் என்று நீக்கிவிட மென்பொருள் எழுதினார். மூன்றின் அடியிலும் நான் கையெழுத்திட்டேன். பல்துறை ஒத்துழைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று அறிக்கையில் ஒரு வரியும் சேர்த்தேன்.

பள்ளி விடுமுறை நெருங்கியது. அக்கா சாமான் கட்டத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். கடையிலும் சொல்லிவிட்டாளாம். "கடையில எல்லாரும் அழுதாங்க," என்றாள். அவள் அழுததைச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்து, அறிக்கையின் முடிவுரைக்கு ஏதாவது தேறுமா என்று பதிவுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மலைக்காற்று, சேவல், எங்கேயோ ஒரு மோட்டார். அத்தானின் செருமல்.

க்கும்.

"என்னாங்க?" சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்லையே."

"கூப்பிட்டீங்களே."

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"இப்பத்தான கூப்பிட்டீங்க. டீயா வேணும்?"

பதிவைப் பின்னால் நகர்த்தி, ஒலியைக் கூட்டி வைத்தேன். க்கும். சற்றுப் பொறுத்து, தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல்: "வர்றேன், வர்றேன்." இன்னொரு நாள் பதிவு. க்கும். "இந்தா, அடுப்புல வச்சிருக்கேன்." இன்னொன்று. க்கும். "மழ நின்னோன்ன போலாம்." அத்தான் தேநீர் நேரத்தில் ஏன் செருமினார் என்பதும் அப்போது விளங்கியது. தேநீர் கேட்டிருக்கிறார்.

இதற்குள் என் மனைவி உண்மையிலேயே ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து நின்றாள். திருமணமான நாளிலிருந்து நான் அவளை எப்படிக் கூப்பிடுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். நூலின் சொல்லடைவில் அதற்கு இடமில்லை.

சிகிச்சையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். என்னை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்படியானால் நான் இத்தனை நாள் ஒரு குடும்பத்தின் உரையாடலுக்கு மருத்துவம் பார்த்திருக்கிறேன்," என்றார். ஆனாலும் என் பேச்சை நம்பி மாவை நிறுத்தவில்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. ஈப்போவில் சொல்லி முறையை முன்னால் போட்டு வாங்கினார். எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. மொழியியலாளர் செருமலைச் சொல் என்று கொள்ளலாமா என வாதிட ஆரம்பித்தார். பொறியாளர் மட்டும், "இன்னும் கொஞ்சம் செருமல் கிடைக்குமா?" என்று கேட்டு, நீக்குவதற்கு எழுதிய மென்பொருளை அதையே பிடித்துக் கொடுக்கும்படி மாற்றினார். அத்தான் கீழே செருமினால் மேலே அக்காவின் ஃபோனில் கேட்க வேண்டும். மணியோசை வைக்கலாமா என்றார். வேண்டாம், செருமலையே வையுங்கள் என்றேன். இயக்குநராக நான் எடுத்த ஒரே சரியான முடிவு.

அக்காவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"இதுவா? இது தொண்டக் கரகரப்புதான?"

"அப்ப நீ ஏன் வர்றேன்னு சொன்ன?"

யோசித்தாள். "போகணும்னு தோணுச்சு. போனேன்," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அன்று அத்தானுக்கு மாவில்லாத தேநீர் கொடுத்தாள். அவர் உடனே குடிக்கவில்லை, முதலில் சிறிது நேரம் கோப்பையைச் சாய்த்துச் சாய்த்து அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவியைச் சோதித்துப் பார்க்கும் நாளன்று அக்கா மகள் காலிப் பெட்டியோடு வந்தாள், அப்பாவின் உடுப்புகளுக்காக. அக்காவும் நானும் மேலே கடையில். அத்தான் கீழே, அவரைச் சுற்றி மகளும் என் முழு மையமும். ஃபோனில் ஒன்றும் வரவில்லை. மகள் என்னை அழைத்தாள். "மாமா, கூப்பிடவே மாட்றாரு. நாங்க சொல்லச் சொல்ல அப்பா காது சிவக்குது."

"எல்லாரும் வெளிய போங்க," என்றேன்.

"வெளிய மழ தூறுது, மாமா."

"நனைங்க."

ஊர் பார்க்க, மகள் பார்க்க, மனைவியைக் கூப்பிடச் சொன்னால் எந்த மனிதர்தான் கூப்பிடுவார்? மூன்று துறைகளும் மகளும் பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அக்கா ஒரு மேசைக்கு ஸ்கோன் தட்டைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அவள் ஏப்ரன் பையிலிருந்து வந்தது.

க்கும்.

ஃபோனை எடுக்கவில்லை, பார்க்கவுமில்லை. "வர்றேன்," என்றாள், கூடம் முழுவதும் கேட்க. தட்டை யாருடைய மேசையிலோ வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு. உள்ளே அத்தான் பத்திரமாக நாற்காலியில் இருந்தார்.

"என்னா?" என்றாள் அக்கா.

அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அவள் உட்கார்ந்தாள். வாசலில் ஈரத்தலையோடு நின்ற மகள் இருவரையும் பார்த்தாள், பிறகு கைப்பெட்டியை. மறுநாள் அதில் முட்டைக்கோசும் தேயிலைத்தூளும் ஏறி கோலாலம்பூர் போயின.

இந்த வெற்றியை நான் பல கூட்டங்களில் விவரித்தேன். நிதிக்குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்ததாகக்கூட நினைவு. அந்தப் பெருமிதத்தோடு ஒருநாள் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, கருவி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா தம்பி, முன்னெல்லாம் கடைக்கு வந்துட்டா அந்த நேரமாச்சும் நிம்மதியா இருப்பேன். இப்ப அங்கயும் கூப்பிடுறாரு லா."