நைலான் உறைக்குக் கீழே

அம்மான் நகரில் கார் இருக்கைத் தோலைச் சுத்தம் செய்து மெருகேற்றும் அபூ கைஸ், பத்தொன்பது வருடத் தொழிலில் ஒருமுறைகூட நைலான் உறையைத் துடைத்ததில்லை.

ஒருநாள் காலை ஹாஜி ஃபய்யாத் வந்தார். வண்டி வாங்கி மூன்று வருடமாகியும், இருக்கைகள்மேல் கம்பெனி போட்டனுப்பிய பிளாஸ்டிக் தாள் போன்ற நைலான் உறையை அவர் கழற்றவே இல்லை.

"நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம். கவரைப் பளபளன்னு துடைச்சுக் குடு, அபூ கைஸ்."

"நான் தோல் வேலைக்காரன், ஹாஜி. கவர் துடைக்க வேற ஆளைப் பாருங்க."

"உள்ள தோல் புதுசுய்யா. தூசிகூடப் பட்டதில்ல."

அபூ கைஸ் உறையின் ஓரத்தைக் கிழித்துக் காட்டினார். காற்றில்லாமல் புழுங்கிய தோலில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஹாஜிக்கு முகம் செத்துப்போனது.

"முழுசாக் கிழிச்சிடு."

அபூ கைஸ் மெல்லிய பிரஷ்ஷால் நுரை போட்டுத் தேய்த்தார், துணியால் ஒற்றினார், நிழலில் உலரவிட்டார். பிறகு தைலத்தை வெறும் உள்ளங்கையால் தடவினார். எந்த இடத்துக்குத் தாகம் என்று துணிக்குத் தெரியாது என்பது அவர் கட்சி.

மாலையில் ஹாஜி ஏறி உட்கார்ந்தார். வழக்கமான சரசரப்புச் சத்தம் இல்லை. மிருதுவான இருக்கையைத் தடவியபடியே கேட்டார்: "இப்ப புதுக் கவர் ஒண்ணு போட்டுக்கலாமா?"

"மூணு வருஷமா நைலான்மேல உக்காந்திருந்தீங்க, ஹாஜி. இன்னைக்குத்தான் உங்க வண்டியில உக்காந்திருக்கீங்க. போய்ட்டு வாங்க."