கடைசியில் செருக வேண்டிய பிளக்

என் அக்காவுக்கு அவள் குடியிருக்கும் கட்டடத்தில் 'பிளக் பிடுங்கி' என்று பேர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. மேல்வீட்டுக்காரர் ஒருமுறை என் காதில் விழும்படி சொல்லி, என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் பேர் பொருத்தமானதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேடுவார்கள். இவள் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குவாள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டால், போதாது என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

காரணம் எனக்குத் தெரியும். அவளுக்குக் கல்யாணமான புதிதில், அப்போது இருந்த வீட்டில் மீட்டர் மாற்ற வந்தவர்கள் எல்லா வீட்டுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பியைச் சரியாக முறுக்காமல் போய்விட்டார்கள். அந்தக் கம்பி தளர்ந்தால் வீட்டுக்குள் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி மூன்றும் ஒரே சாயங்காலத்தில் புகைந்தன. அத்தான் கருகிய மிக்ஸியைத் தூக்கி என்னிடம் காட்டி, உன் அக்கா சமையலுக்குப் பயந்து இது உயிரை விட்டுவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே ஒரு குண்டு பல்பு வாங்கி, ஹோல்டரில் மாட்டி, வயர் சேர்த்து, முனையில் பிளக் வைத்து ஆணியில் தொங்கவிட்டாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு முறை உண்டு. கரண்ட் திரும்பியதும் முதலில் பல்பு. அது எப்போதும்போல மஞ்சளாக எரிந்தால் சரி. கண்ணைக் கூசும் வெள்ளையில் எரிந்தால் எதையும் தொடக்கூடாது. பல்பு தேறிவிட்டால் அடுத்தது பழைய டேபிள் ஃபேன், பிறகு மிக்ஸி, டிவி, அதற்கப்புறம் ஃப்ரிட்ஜ். போனால் போகட்டும் என்பது முதலில், போகவே கூடாதது கடைசியில். வீட்டுக்குப் புதிதாக ஏதாவது சாமான் வந்தால், அதை எங்கே வைப்பது என்று நாமெல்லாம் யோசிப்போம். அவள் அது வரிசையில் எங்கே வரும் என்று யோசிப்பாள்.

அத்தான் விழுந்த பிறகு வரிசையின் கடைசியில் ஒரு மோட்டார் சேர்ந்தது. அவர் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். ஏணி சறுக்கியதில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே நெருப்பை வைத்தாலும் தெரியாது. அதனால் காற்றடைத்த மெத்தை. கால்மாட்டில் தொங்கும் சின்ன மோட்டார் மெத்தையின் குழாய்களில் மாற்றி மாற்றிக் காற்றை ஏற்றி இறக்கும். ஒரு தடவை அந்த மோட்டார் மக்கர் பண்ணி, ரிப்பேராகி வருவதற்குள் முதுகுக்குக் கீழே புண் வந்து, எலும்பு தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. அது ஆறுவதற்குள் அவரும் பாதியானார், இவளும் பாதியானாள். அந்த மாடல் மோட்டார் இப்போது வருவதுமில்லை.

சலவைக் கம்பெனியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் வேலையை விட்டாள். வீட்டிலேயே ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளம் குறைப்பது என்று தையல் எடுத்துச் செய்தாள். துணி கொடுப்பவர்கள் வாசலில் வந்து கொடுப்பார்கள், காய்கறி வாசலில் வரும். அவள் படி இறங்குவதே இல்லை. சித்தப்பா இறந்துவிட்டார் என்று நான் போய்ச் சொன்னபோது "சரி" என்று சொல்லிவிட்டு ஜிப்பைத் தைத்து முடித்தாள். ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோல விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுது தொலையேன் என்று கத்தினேன். அதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டடம் முழுக்கப் புது மீட்டர் மாட்டப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. மோட்டார் நிற்கும் நேரத்தில் அத்தானை அடிக்கடி திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும் என்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மாடிப்படிக்குக் கீழே எல்லா வீட்டு மீட்டரும் வரிசையாக இருக்கும் இடத்தில் இரண்டு ஊழியர்கள் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மெயினை அணைத்துவிடுங்கள் போதும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். அக்கா ஏற்கெனவே அத்தனை பிளக்கையும் பிடுங்கியிருந்தாள்.

கொஞ்ச நேரம் என்பது மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் போயிற்று. மோட்டாரின் உறுமல் இல்லாமல் அந்த அறையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மெத்தை மெல்லத் தொய்ந்து கட்டில் பலகையோடு ஒட்டிக்கொண்டது. நானும் அக்காவும் அத்தானை இடப்பக்கம் திருப்பினோம், பிறகு வலப்பக்கம். புரோட்டாவைப் புரட்டுகிற மாதிரி புரட்டுகிறீர்களே என்று அவர் கேலி செய்தார். அப்புறம் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து, கரண்ட் விட்டாச்சு என்று குரல் வந்தது. அக்கா எழுந்தாள். மெயினைப் போட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்து, கால்மாட்டில் கிடந்த மோட்டார் பிளக்கை எடுத்துக் குனிந்தாள். அதன் முனை துளையில் பட்டுவிட்டது.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அக்கா, பல்பு."

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ தெரியாத பாஷையில் பேசிவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிளக்கை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கட்டில் மேல் போட்டுவிட்டு, ஆணியிலிருந்து பல்பை எடுத்து நானே செருகினேன். அறை வெள்ளையாயிற்று. ஒரு நொடிகூட இல்லை, பட்டென்று வெடித்து அணைந்தது. அதே சமயம் மேல்வீட்டில் யாரோ, டிவியில் புகை வருகிறது என்று கூச்சல் போட்டார்கள். நான் படியில் ஓடி, அந்த இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மீட்டர் பலகையை மறுபடி கழற்றினார்கள். நியூட்ரல் திருகு விரலால் ஆட்டினால் ஆடியது. வேண்டா வெறுப்பாக இறுக்கிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து வேறு பல்பு மாட்டிப் பார்த்தேன், மஞ்சளாக எரிந்தது. மோட்டாரையும் நானே போட்டேன். மெத்தை உப்பத் தொடங்கியது. அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவசரத்துல மறந்துட்டியாக்கா? அத்தானுக்குப் பலகை இடிக்குமேன்னு..."

"அவருக்கு எங்க இடிக்கும்?" என்றாள். "மறக்கவும் இல்ல. பல்பு ஞாபகம் இருந்துச்சு. ஒண்ணுமே தோணல. போனா போகட்டும்னுகூடத் தோணல."

இதை அவள் சொன்ன விதம், இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது. அத்தான் தூங்குகிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அவளை ஒண்ணும் கேக்காதேம்மா. கொஞ்ச நாள் இங்கேருந்து கூட்டிட்டுப் போ. என்னை நீ பார்த்துக்க, இல்ல ஆள் வை. இவ இப்படியே இருந்தா எனக்கு முன்னால போயிடுவா."

அக்கா மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அவரைத் திருப்பி, முதுகுக்குக் கீழே சிவந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்து மறுபடி சிவந்தது. இப்படி இருந்தால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால்தான் புண் வரும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தாள். எப்போது திருப்ப வேண்டும், தலையணையை எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் தலையாட்டினேன். என் வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்து, போய்ப் படுத்துத் தூங்கு, ராத்திரிக்கு இங்கே நான் இருக்கிறேன் என்றேன்.

செருப்பைத் தேடி எடுத்து, தூசி தட்டிப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவுக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்து, எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டாள்.

என் வீடு அடுத்த தெருவில்தான். நாங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த வீடு அது.