ஆமத்தூர்ப் புள்ளி

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அடிமை வணிகத்தைப் பற்றி ஓர் இணையதளம் செய்ய நான் முனைந்தபோது கூட நின்றவள் கணினித் துறைத் தோழிதான். இரண்டு வருடம் ஒரே சாப்பாட்டுப் பாத்திரத்தில் கைவைத்து வேலை பார்த்தோம். பஞ்ச காலங்களில் நாகப்பட்டினத்திலிருந்து டச்சுக் கப்பல்கள் மனிதர்களை ஏற்றிச் சென்ற வழிகளை அவள் வரைபடத்தில் ஓடவிட்டாள். ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த ஊரின் ஆவணம் திறக்கும்.

ஆமத்தூரில் எங்கள் வீட்டுப் பெட்டியில் ஓர் ஓலை கிடந்தது. நிலப் பத்திரமாக இருக்கும் என்று அண்ணன் எடுத்துக் கொடுத்தார். படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோனேன். நிலத்தோடு ஒரு பெண்ணையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் எங்கள் முன்னோர் விலைக்கு வாங்கியிருந்தார்கள். கடல் தாண்டிப் போனவர்களை மட்டும் காட்டிவிட்டு இவர்களை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இதையும் தளத்தில் போடப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

ஓலையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “படிச்சவ, உனக்குத் தெரியாததா? போடுத்தா.”

தோழி படமெடுத்துச் சேர்த்ததும் ஓலையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வெளியீட்டு நாளில், மாணவிகள் நிறைந்த அரங்கில், திரையில் ஆமத்தூரைத் தேடினேன். புள்ளியே இல்லை. ஏதோ கோளாறு என்று சமாளித்துவிட்டுத் தோழியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

“உங்க அண்ணன் எங்க வீட்டுக்கே வந்தாக, அக்கா. மகளுக்குச் சம்பந்தம் பேசுறோம், வாரவுக இதப் பாத்தா என்ன நினைப்பாகன்னு அழுதாக. படத்த எல்லாம் அழிச்சிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?”

“சொன்னா நீங்க விட மாட்டீக.”

அன்று மாலையே ஆமத்தூருக்கு பஸ் ஏறினேன். அண்ணன் களத்தில் உளுந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

“ஓலை எங்கண்ணே?”

“ஆனைக்குட்டம் டேம்ல விட்டாச்சு. பழைய ஏட்டத் தண்ணியில விடுறது வழக்கந்தான?”

“போடச் சொன்னது நீங்கதான?”

“மூஞ்சிக்கு நேரா உங்கிட்ட எப்படித்தா மாட்டேன்னு சொல்ல?”

அண்ணி கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் திரும்பினேன்.

ஓலையின் வாசகத்தை என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தோழியிடம் தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டேன்; ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தட்டுத் தடுமாறி நானே அந்தப் புள்ளியை மறுபடி வைத்தேன். பெண்ணின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் தட்டச்சு செய்தேன். மூல ஓலையை எங்கள் குடும்பமே தண்ணீரில் விட்டது என்று கீழே சேர்த்தேன்.

வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. தோழியின் மேசையில் ஒன்று இருந்தது, மஞ்சள் தடவி.