அமோக் நாட்டுக்காரன்

எழுபதுகளில் மெல்பேர்ணில் ஒரு கணக்கு அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்தேன். கட்டுக்கடங்காமல் போகிற எதற்கும் அங்கே ஆங்கிலத்தில் 'அமோக்' என்பார்கள். பிள்ளைகளுக்கு அமோக், நாய்க்கு அமோக், படர்ந்த ரோசாச் செடிக்கும் அமோக். நான் மலாயாவில் பிறந்த யாழ்ப்பாணத்தான். அது நான் பிறந்த நாட்டுச் சொல் என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் வாய் சும்மா இராமல் விளக்கினேன். எங்களுக்குக் கதிரை, குசினி என்ற சொற்களைத் தந்த போர்த்துக்கேயர்தான் மலாய்க்காரரின் இந்தச் சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். உண்மையான அமோக் வேறு. ஒருவன் நாட்கணக்கில் பேசாமல் குந்தியிருப்பான், பிறகு கத்தியோடு எழும்பி எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டுவான். எல்லாரும் தேநீரை மறந்து கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி அலுவலகத்துக்கு ட்ரங்க் கோல் எடுத்தான். தூரம் கூடக் கூடத் தொண்டையையும் கூட்ட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் டெலிபோன் விஞ்ஞானம்.

"பொம்பிளைப் பிள்ளையோ? தாயும் பிள்ளையும் சுகமோ?" என்று மேசையில் அடித்துக் கத்தினேன். தங்கைக்குக் குழந்தை பிறந்த சந்தோஷம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அலுவலகமே சுவரோடு ஒட்டி நின்றது. விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

என்னை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று மாத முடிவில் முகாமையாளர் சொல்லவேண்டும். என் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. என் வேலையை நம்பித்தான் வீடு.

"இனி அங்கை வாயைத் திறக்காதேங்கோ. வேலையைப் பாத்துப்போட்டு வாங்கோ" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அப்படியே இருந்தேன். பேச்சில்லை, சிரிப்பில்லை. சில நாளில் கடிதம் வெட்டும் கத்தியைக் காணவில்லை. பிறகு கத்தரிக்கோலையும் காணவில்லை. நான் எழும்பினால் பக்கத்து மேசைக்காரரும் எழும்பினார். நாட்கணக்கில் பேசாமல் இருப்பவனைப் பற்றி நான் நடத்திய பாடத்தை நன்றாகப் படித்திருந்தார்கள். தவளை வாயைத் திறந்துதான் கெடும். நான் திறந்தும் கெட்டேன், மூடியும் கெட்டேன்.

மாத முடிவில் முகாமையாளர் அழைத்தார். கதவைத் திறந்து வைத்து, அதன் பக்கத்திலேயே நின்றபடி, வேலை நிரந்தரம் என்றார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லையே என்றும் கேட்டார். நன்றி சொல்லக் கை நீட்டினேன். அவர் பின்வாங்கினார். மனம் கசந்துபோனது.

அன்று பின்னேரமே ஒரு கூட்டல் பிழைக்காக அவர் கணக்கு மெஷினைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பாவம், களைத்துப்போனார் என்றார்கள். எனக்கு அவருக்கு வந்ததைவிடக் கூடக் கோபம் வந்தது. குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். எல்லாரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.